டீ வாங்கப் போக மறுத்த கனீஸ் பாத்திமா

கனீஸ் பாத்திமாவைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சோறு போட்ட இடத்துக்கே வேட்டு வைத்தவள் என்கிறார் ஒருத்தர். பெரிய தைரியசாலி என்கிறார் இன்னொருத்தர். இரண்டும் பொய். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் என் கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொள்வாள். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் இல்லாததைச் சொல்லமாட்டேன்.

என் பெயர் ராஜாம்பாள். அம்பலத்தாடையார் மடத்து வீதியில் ஒரு மாடிவீட்டின் கீழே, படிக்கட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு கல்வி அறக்கட்டளை. பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது. பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட நம்மூர்க்காரர்கள் பணம் போட்டு, இங்கே கஷ்டப்படுகிற வீட்டுப் பெண்களைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அங்கே ஒரு ‘பரேன்’ உண்டு. ஞானத்தகப்பனைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம். பெண்களில் பாதிப் பேர் தங்கள் பரேனைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவர்கள் பார்த்ததெல்லாம் புருஷோத்தமனைத்தான்.

இந்தப் புருஷோத்தமன் அங்கே ஒருங்கிணைப்பாளர். யாருக்குப் பணம் தொடரும், யாருக்கு நிற்கும் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் தேன். தெருவில் போனால் பழைய ஆட்கள் எழுந்து நின்று ‘போன்ழூர் முசே’ என்பார்கள். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். நாசமாய்ப் போக!

கனீஸ் அங்கே உதவியாளர். பெருக்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, பேங்குக்கு ஓடுவது, விருந்தாளி வந்தால் லாட்ஜில் ரூம் சொல்வது எல்லாம் அவள்தான். முல்லா வீதியில் பிறந்து அதே வீதியில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது முடித்ததும் நிக்காஹ் ஆகிவிட்டது. புருஷன் ஷஹாபுதீன் பிரிட்ஜ் மெக்கானிக். நெஞ்சுவலி வந்த பிறகு அவர் பாதி நாள் வீட்டில்தான். ஒரே மகள் சானியா, பி.ஃபார்ம் கடைசி வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளும் இந்த அறக்கட்டளைப் பணத்தில்தான் படித்தாள்.

“இன்னும் ஒரே வருஷம்க்கா. அவ மட்டும் வெள்ளக் கோட்டு போட்டுட்டான்னா நான் இந்தப் படியில ஏறவே மாட்டேன்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“அப்ப எனக்கு யாருடி யாவாரம் குடுக்கறது?” என்பேன் நான். சிரிப்பாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

வேறெங்கோ ஓர் ஊரில், இப்படி உதவிப் பணம் கொடுக்கிற இடத்தில் ஏதோ அசிங்கம் நடந்து பேப்பரில் வந்துவிட்டது. உடனே பிரான்சிலிருந்து ஆட்கள் வந்து இங்கேயும் ஒரு விதி போட்டார்கள். பெண்பிள்ளை யார் பேச வந்தாலும் அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆபீஸ் பெண் ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு நோட்டீசும் ஒட்டினார்கள்: யாராவது தொந்தரவு கொடுத்தால் பயப்படாமல் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று. அறையில் உட்காருகிற பெண், வேறு யார், கனீஸ்தான். அந்த ஆபீசில் வேறு பெண்ணே கிடையாது.

விதி போட்டவர்கள் நம்மூர் வழக்கம் ஒன்றை மறந்துவிட்டார்கள். வீடானாலும் ஆபீசானாலும், வந்தவர்களை ஒரு வாய் டீ கொடுக்காமல் நாம் அனுப்பமாட்டோம். அனுப்பினால் நமக்கே மனசு கேட்காது. அந்த டீயை வாங்கப் போகிறவளும் கனீஸ், அறையில் உட்கார வேண்டியவளும் கனீஸ். “பாத்திமா, பாவம் கொழந்த பஸ்ல வந்து களைச்சுப் போயிருக்கு. ஒரு டீ வாங்கியாம்மா” என்பார் புருஷோத்தமன். எவ்வளவு பாசம் பாருங்கள். இவளும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவாள். கூட்டமாயிருந்தால் நின்று வாங்கிப் போவாள். மேலே கதவு, விதிப்படி, திறந்தே இருக்கும். யாருமே இல்லாத மாடியில் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அது அப்போது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கனீஸ் தூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே மாடியிலிருந்து ஒரு பெண் தடதடவென்று இறங்கி வந்தாள். அறிவுமதி. பிள்ளைச்சாவடிப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். நர்சிங் இரண்டாம் வருஷம். முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னாம்மா, டீ குடிக்காமப் போற?” என்றாள் கனீஸ்.

“வேணாம் ஆன்ட்டி. நான் காலேஜே நிறுத்திடப் போறேன்.”

பிடித்து உட்கார வைத்தேன். அடுப்புக்குப் பின்னால் பால் கேன் வைக்கிற மூலை, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. கனீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம கனகசெட்டிக்குளத்துல ஒரு கெஸ்ட் அவுசுக்கு வரச் சொல்றாரு. என் பரேன் வந்து தங்கியிருக்காராம், பாக்கணுமாம். தனியா வரணுமாம், வீட்ல சொல்லக் கூடாதாம். வரலன்னா அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டாராம். சொல்லிக்கிட்டே என் கைய...” அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கனீஸ் என்னைப் பார்த்தாள். “பரேன் யாரும் ஊருக்கு வரலியேக்கா. வந்தா நான்தான ரூம் சொல்லணும்?” என்றாள், மெதுவாக.

அந்தப் பெண் எழுந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “யாராண்டயும் சொல்லாதீங்க. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் வீட்டோட உக்கார வெப்பாரு” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கொதிக்கிற பாலை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆள் தலையில் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். சத்தியமாகச் செய்திருப்பேன். கனீஸ் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“வேணாம்க்கா, ஒன் கால்ல விழறேன். சானியாவோட கையெழுத்தும் அந்தாளு கையிலதான் இருக்கு. இன்னும் ஒரு வருஷம்க்கா.”

“ஒன் பொண்ணு படிக்கணும்னு அந்தப் பொண்ணு போவணுமாடி?” என்று கேட்டுவிட்டேன். அவள் தூக்கை வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

மறுநாள் டீ வாங்க வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள், வெயில் உச்சியில் தெரு ஓய்ந்திருந்த நேரத்தில் வந்து என் காதோரம் குனிந்தாள்.

“ஒன் போன குடுக்கா. அந்த நோட்டீசுல இருக்கற நம்பருக்குப் பண்றேன். என் போன்ல பண்ணா நான்னு தெரிஞ்சிடும்.”

சந்தோஷமாகக் கொடுத்தேன். பால் கேன் மூலையில் இரண்டு பேரும் குந்திக்கொண்டோம். ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது. அதே நேரம் மாடி ஜன்னலில் நாதஸ்வரம் ஒலித்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கேயோ கல்யாணம் என்று நினைத்தேன். பிறகு நாதஸ்வரம் நின்றது. போனில் குரல் வந்தது.

“அலோ, யாரும்மா? பயப்படாம சொல்லுங்க.”

அந்தக் குரல் போனிலும் கேட்டது, தலைக்கு மேலே ஜன்னலிலும் கேட்டது.

அந்த எண் முதலில் அறக்கட்டளைக் கமிட்டியில் இருந்த ஒரு அம்மாவிடம் இருந்ததாம். அந்த அம்மா மகனோடு பிரான்சுக்குப் போனபோது சிம்மை ஆபீசிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவர் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். யாருமே ஏன் என்று கேட்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது கனீஸ் லைனைத் துண்டித்துவிட்டு, போனைத் தொடவே பயந்தவளாய்த் தரையில் வைத்தாள்.

போன் திரும்ப அடித்தது. எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று நான் எடுத்தேன். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, “ராங் நம்பருங்க, கேஸ் சிலிண்டருக்குப் போட்டேன்” என்றேன்.

“அப்பிடியா? எந்த ஊருங்க?”

“வில்லியனூருங்க.”

அந்த நேரம் பார்த்துத்தானா பழைய இரும்புக்காரன் ஒலிபெருக்கி வண்டியோடு எங்கள் வீதியில் நுழைய வேண்டும்! ‘பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக்’ என்று வீதியே அதிர்ந்தது. அதைப் புருஷோத்தமன் போனிலும் கேட்டிருப்பார், ஜன்னலிலும் கேட்டிருப்பார். மேலே நாற்காலி நகர்கிற சத்தம். ஜன்னல் கதவு திறக்கிற சத்தம். கனீஸ் பால் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ ஓதினாள்.

மறுநாள் காலை புருஷோத்தமன் என் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் பெஞ்சுப் பக்கம் வந்ததே இல்லை. டீ கேட்டார். நின்றபடியே குடித்தார். குடித்துக்கொண்டே என் பலகையைப் படித்தார். ‘ஆர்டருக்கு அழைக்கவும்’ என்று என் எண்ணைச் சிவப்பு பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

“ராஜாம்மா, டீ பிரமாதம். இத்தினி நாளா பாத்திமாவே வாங்கியாந்துடறதால ஒங்க நம்பரே எங்கிட்ட இல்ல பாருங்க.”

ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். பிஸ்கட் டின் மேலிருந்த என் போன் அடித்தது. அவர் தன் போன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

“முன்னயே வந்த நம்பராட்டம் இருக்கே” என்று சொல்லிவிட்டு டம்ளரை மெதுவாக வைத்துவிட்டு மேலே போனார். நான் சண்டைக்காரி என்று பேர் எடுத்தவள். அன்றைக்கு அவர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன், அவ்வளவுதான்.

மத்தியானம் கனீஸ் இறங்கி வந்தாள். உதடெல்லாம் வறண்டிருந்தது. “தெரிஞ்சிடுச்சுக்கா. ‘சானியா மார்க்கு கொஞ்சம் கொறச்சலாத் தெரியுதே, பாத்திமா, பாக்கணும்’ங்கறாரு. அவ எப்பவுமே ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா.” படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பேசாம இருந்துட்டா அவ படிப்ப முடிச்சிடுவா. பேசாம இருந்துட்டா போதும். ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குதுக்கா. சோறு எறங்க மாட்டேங்குது.”

“ஒன்னு சொல்றேன் கேளு. அந்தப் பொண்ணு திரும்ப வந்தா நீ டீக்கு வராத. எனக்கு ஒரு போன் போடு, நானே மேல எடுத்தாறேன்.”

“என்னால முடியாதுக்கா.”

“நாற்காலியில உக்கார முடியாதாடி ஒன்னால? அது மட்டும் செய், போதும்.”

சனிக்கிழமை அறிவுமதியைப் புருஷோத்தமன் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு அச்சாரம். அந்தப் பெண் படியேறும்போது பார்த்தேன், ஆட்டை ஓட்டிப் போவது மாதிரி இருந்தது. நான் அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்குமா அடிக்காதா என்று எனக்கு நிச்சயமில்லை. பாவம், அவளுக்கும் மகள் இருக்கிறாள்.

போன் அடித்தது. “அக்கா... மூணு டீ” என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மேலே நடந்ததைக் கனீஸ் பிறகு சொன்னாள். புருஷோத்தமன், “நீ போய் வாங்கியா, பாத்திமா” என்றாராம்.

“சொல்லிட்டேன் சார். அக்கா கொண்டாருவாங்க.”

“நான் ஒன்னப் போவச் சொன்னேன்.”

“கால் வலி சார்.”

“அப்ப வெளியில போய் உக்காரு.”

“உள்ள உக்காரணும்னுதான சார் ரூல்ஸ்ல போட்டிருக்கு” என்றாளாம். எழுந்து ஓடிவிடுவோமோ என்று பயந்து, நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம்.

நான் தூக்கோடு நுழைந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். முக்காடு வேர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அறிவுமதி தலையே நிமிரவில்லை. புருஷோத்தமன் முகத்தில் தேன் வழியவில்லை. ஒவ்வொரு டம்ளராக எடுத்து, கழுவி, துடைத்து, ஊற்றி, ஆற்றி, ஒரு கல்யாணத்துக்கே பந்தி போடுகிற நேரம் எடுத்துக்கொண்டேன். “சக்கர போதுமா முசே? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று வேறு கேட்டேன்.

கடைசியில் அவர், “நீ போ கண்ணு, அப்பறம் பேசலாம்” என்று அந்தப் பெண்ணை அனுப்பினார். அவள் வாசலைத் தாண்டியதும் கனீஸ் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல் பேசினார். கத்தியிருந்தால்கூட எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

“திங்கட்கெழமையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம். சானியாவ மட்டும் வரச் சொல்லு. அவ கையெழுத்தப் பத்திப் பேசணும். தனியா வரட்டும்.”

கனீஸ் எழுந்தாள். படியில் பாதி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, “அக்கா, லேடீஸ் போலீஸ் ஸ்டேஷன் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

கீழே அறிவுமதி போகாமல் நின்றிருந்தாள். “நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னுதான் நெனச்சேன், ஆன்ட்டி” என்றாள். அப்புறம், “எங்கப்பா அடிச்சாலும் பரவால்ல. நானும் வரேன்” என்றாள்.

மறுநாள் காலை கடையைச் சாத்திவிட்டு நான் முல்லா வீதிக்கு ஆட்டோ எடுத்துப் போனேன். கனீஸ் வாசலில் தயாராக நின்றாள். பக்கத்தில் சானியாவும் நின்றாள். “நீ வேணாம்டி, வீட்ல இரு” என்று கனீஸ் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் அறிவுமதியை ஏற்றிக்கொண்டோம்.

வழியெல்லாம் கனீஸ் பின்னால் வந்த ஒவ்வொரு வெள்ளைச் சட்டையையும் திரும்பிப் பார்த்தாள். மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “ஒன் படிப்ப நானே கெடுத்துட்டேன் தங்கம். கடைசி வருஷத்துக்கிட்ட கொண்டாந்து கெடுத்துட்டேன். ஒங்க அத்தாவுக்கு நான் இன்னா பதில் சொல்லப்போறேன்” என்றாள். சானியா வெளியே பார்த்தபடியே வந்தாள். முந்தின நாள் சாயங்காலம் கனீஸ் எல்லாவற்றையும் சொன்னபோதும் அவள் ஒன்றும் பேசவில்லையாம். படிப்பு போகிற வருத்தம் என்று கனீஸ் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் போலீஸ்கார அம்மா. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கனீஸ் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். டீ, நோட்டீஸ், நாதஸ்வரம், கெஸ்ட் அவுஸ், எதையும் விடவில்லை. அறிவுமதி தன் வாயாலேயே தனக்கு நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா முகம் இறுகியது. பேனாவை எடுத்தார்.

“பாதிக்கப்பட்ட பொண்ணுங்க எத்தினி பேரு?”

“இந்தப் பொண்ணு ஒருத்திதாங்க மேடம்” என்றாள் கனீஸ்.

“இல்ல” என்றாள் சானியா.

கனீஸ் மகளைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அவள் முகம் போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

“நான் அங்கயேதானடி இருந்தேன்?” என்றாள்.

சானியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி!”

“ஒனக்கு வேல போயிடும்னுதாம்மா.”

கனீஸ் மகளை இழுத்துத் தன் முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அழுவாள், மயங்கி விழுவாள் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் விழவில்லை. போலீஸ்கார அம்மா பக்கம் திரும்பினாள்.

“ரெண்டுன்னு எழுதுங்க மேடம்” என்றாள்.